தோளில் சுமக்கும் பூர்வீகம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தாலியை விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 1876 முதல் 1915 வரையிலான நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் அந்த நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1913ஆம் ஆண்டில் மட்டும் 8 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கும் மேல். அவர்களில் கணிசமானோர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். திரும்பாதவர்களின் வம்சம் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் பல கோடியாகப் பெருகியிருக்கிறது.

அந்த வம்சத்தில் வந்த ஒருவர், இத்தாலியைக் கண்ணால் பார்த்திராதவர், அந்த மொழியில் நாலு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரியாதவர், "நான் இத்தாலியன்" என்று சொல்கிறார். ரோமில் பிறந்து வளர்ந்தவர் அதைக் கேட்டால் பல சமயம் சிரித்துவிடுகிறார். அவர் சிரிப்பது நியாயமா? இவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு முன்னோர் விட்டுப்போனது ஒரு கிராமமும், அதை விட்டுக் கிளம்பிய கதையும்தான். மற்றதையெல்லாம் இவர்களே புதிய மண்ணில் கட்டினார்கள். கட்டியது உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்கிறவர்களிடம்தான் அது உயிரோடு இருக்கிறது.

போனவர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். இத்தாலி என்ற ஒரே நாடு 1861இல்தான் பிறந்தது. அப்போது நாம் இன்று இத்தாலிய மொழி என்று சொல்வதைப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் வீட்டிலும் வயலிலும் சிசிலியப் பேச்சு, நாப்பொலிப் பேச்சு, வெனெத்தோ பேச்சு என்று தங்கள் வட்டார மொழியில் வாழ்ந்தார்கள். சிசிலிக்காரரும் வெனிஸ் பக்கத்து விவசாயியும் கப்பலில் அருகருகே உட்கார்ந்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. புதிய அரசு ஏழை விவசாயிக்கு அறிமுகமானது வரி தண்டுபவராகவும் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவராகவும்தான். 1869இல் தானியம் அரைப்பதற்கே வரி போட்டார்கள். ரொட்டியின் மேல் விழுந்த வரி அது. அப்படிப்பட்ட நாட்டின் மேல் அவர்களுக்குப் பற்று எங்கிருந்து வரும்? பற்றெல்லாம் ஊர்மேல். ஊர்க் கோயில்மணி ஓசை எட்டும் தூரமே அவர்களுடைய தேசம்.

நியூயார்க்கில் இறங்கியபோதும் அப்படியே குடியேறினார்கள். மல்பெரி தெருவில் நாப்பொலி பக்கத்து ஆட்கள், சற்றுத் தள்ளி எலிசபெத் தெருவில் சிசிலிக்காரர்கள். ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்குத் தங்கள் ஊர்ப் புனிதரின் பெயர். அமெரிக்க அதிகாரிகளோ 1899 முதல் வடக்கு இத்தாலியர், தெற்கு இத்தாலியர் என்று இரண்டு தனி இனமாகப் பதிவேட்டில் எழுதினார்கள். தெருவில் போன அமெரிக்கர்களுக்கு அந்தப் பாகுபாடுகூடத் தெரியாது. எல்லோரையும் சேர்த்து ஒரே பெயரால் ஏசினார்கள். வந்த இடத்தில் பட்ட ஏச்சுதான் அவர்களை முதன்முதலாக ஒரே கூட்டமாக்கியது.

ஏச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1890இல் நியூ ஆர்லியன்ஸ் நகரக் காவல்துறைத் தலைவர் டேவிட் ஹென்னெஸி சுட்டுக் கொல்லப்பட்டார். பழி சிசிலியக் குடியேறிகள்மேல் விழுந்தது. நீதிமன்றம் சிலரை விடுவித்தது, சிலர் வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1891 மார்ச் 14ஆம் தேதி ஒரு பெருங்கூட்டம் சிறைக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றது. விசாரணைக்கே வராதவர்களும் அதில் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் மேயர் இதற்காக நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 2019இல். இடையில் 128 ஆண்டுகள்.

இந்த இடத்தில்தான் கொலம்பஸ் வருகிறார். 1892இல், அவர் கடல் கடந்த 400ஆம் ஆண்டில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் நாடு முழுக்க அந்த நாளைக் கொண்டாடச் சொன்னார். முந்தைய ஆண்டுப் படுகொலையால் இத்தாலியோடு கசந்துபோன உறவைச் சீராக்கும் நோக்கமும் அதில் இருந்ததாக வரலாற்றாளர் பலர் சொல்கிறார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில், ஓர் இத்தாலிய நாளிதழ் முன்னின்று திரட்டிய நன்கொடையில், உயரமான தூணின்மேல் கொலம்பஸ் சிலை எழுந்தது. கூலிக்காரர்கள் கொடுத்த காசு அது. "உங்களுக்கு முன்னால் இங்கே வந்தவர் எங்கள் ஆள்" என்று அந்தச் சிலை வழியாகச் சொன்னார்கள். நேற்று பதினோரு பேரைப் பறிகொடுத்தவர்களுக்கு அது கவசமாக இருந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தக் கவசத்துக்கு அடியில் வேறொரு மக்களின் ரணம் இருக்கிறது. கொலம்பஸ் கரையிறங்கிய தீவுகளில் வாழ்ந்த தாய்னோ மக்கள் அடிமைப்பட்டார்கள், சில பத்தாண்டுகளில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். 2020 ஜூலையில் பால்டிமோர் நகரத்தில், இத்தாலியர் குடியிருப்பின் ஓரத்தில் நின்ற கொலம்பஸ் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்து நீரில் தள்ளினார்கள். சிகாகோவில் மாநகராட்சியே சிலைகளை இரவோடு இரவாக அகற்றியது. இத்தாலிய வம்சாவளியினர் இரண்டாகப் பிரிந்தார்கள். "எங்கள் தாத்தாக்களின் மானத்தின்மேல் கைவைக்கிறார்கள்" என்றது ஒரு தரப்பு. "மிதிபட்டு வந்த நாம் இன்னொருவர் மிதிபட்டதைக் கொண்டாடலாமா?" என்றது மறுதரப்பு. என் மனம் இரண்டாவது தரப்போடு நிற்கிறது. பெருமைப்படுவதற்கு அவர்களுக்கு ஆளா இல்லை?

லெனார்ட் கொவெல்லோவைப் பாருங்கள். தெற்கு இத்தாலியின் அவில்யானோவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க்குக்கு வந்தவர். பள்ளி ஆசிரியை அவருடைய குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை எடுத்துவிட்டார், வாய்க்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. மதிப்பெண் அட்டையில் அதைப் பார்த்த அப்பா கொதித்துப்போனார். அமெரிக்கர் ஆவதென்றால் பெற்றவர்களை நினைத்து வெட்கப்படக் கற்பது என்றுதான் தங்களுக்கு அந்த வயதில் பட்டது என்று கொவெல்லோ பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். அந்த வெட்கத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்கக் கூடாது என்று உழைத்தார். நியூயார்க் பள்ளிகளில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளுக்கு இணையாக இத்தாலிய மொழிக்கும் 1922இல் இடம் வாங்கிக் கொடுத்தார். கிழக்கு ஹார்லெமில் 1934இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரானார். அங்கே போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கியபோது அவர்களையும் தன் பிள்ளைகளாகவே நடத்தினார். அவருடைய மாணவர் வீட்டோ மார்க்கன்டோனியோ அதே வட்டாரத்திலிருந்து அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போய், ஓட்டுப்போட வரி கட்டவேண்டும் என்று விதித்துக் கறுப்பின மக்களைத் தடுத்த அநியாயத்தை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். சிலை வைக்க இவர்கள் போதாதா?

நண்பர்களே, இந்த வரலாற்றில் ஒரு பெரிய மௌனமும் இருக்கிறது. "எங்கள் பாட்டி எங்களிடம் அந்தப் பாஷை பேசவே மாட்டாள்" என்று பேரப்பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். பாட்டி ஏன் பேசவில்லை என்று கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் முசோலினியின் இத்தாலி எதிரணியில் நின்றதும், அமெரிக்காவில் குடியுரிமை பெறாத ஏறத்தாழ 6 லட்சம் இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். எதிரியின் மொழியைப் பேசாதே என்று முசோலினி, ஹிட்லர் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டினார்கள். பிரிட்டனில் இத்தாலிய ஆண்களை, பல ஆண்டுகளாகச் சிற்றுண்டிக் கடை நடத்தியவர்களைக்கூட, கைது செய்து கப்பலேற்றினார்கள். அந்த 'அரன்டோரா ஸ்டார்' கப்பல் 1940 ஜூலை 2ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. இறந்த 800க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் இத்தாலியர்கள். வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களில் தேநீரும் ஐஸ்கிரீமும் விற்ற, இத்தாலியின் பார்தி என்ற மலையூரைச் சேர்ந்த மக்கள் அதில் பலர். பார்தியில் அவர்களுக்கு ஒரு நினைவாலயம் இருக்கிறது.

பிரேசிலில் இதைவிடக் கடுமை. 1875 முதல் வெனெத்தோ, லொம்பார்தி விவசாயிகள் தெற்கே ரியோ கிராந்தே தோ சூல் மலைப்பகுதியில் காடு திருத்திக் குடியேறினார்கள். பல ஊர்ப் பேச்சும் கலந்து, போர்த்துகீசும் சேர்ந்து, அவர்களுக்குள் ஒரு மொழி உருவானது. பெயர் தாலியான். 1924–25இல் அந்த மொழியில் ஒரு பாதிரியார் வாரப் பத்திரிகையில் 'நனெத்தோ பிப்பெத்தா' என்ற தொடர்கதை எழுதினார். சொர்க்கம் என்று நம்பிப் பிரேசிலுக்கு வந்து அல்லல்படும் ஒரு பையனின் கதை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்டது. சில ஆண்டுகளில் சர்வாதிகாரி வர்காஸின் ஆட்சி வந்தது. 1937க்குப் பிறகு அந்நிய மொழிகளுக்குத் தடை. போர்த்துகீஸ் தெரியாத கிழவர்கள் சந்தைக்குப் போய் வாய்திறக்கப் பயந்தார்கள். பேசியதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. அப்படி ஒடுங்கிய மொழியைப் பேரப்பிள்ளைகள் மீட்டார்கள். செரஃபினா கொரேயா என்ற சிறு நகரம் 2009இல் அதைத் தன் துணை ஆட்சிமொழியாக்கியது. 2014இல் பிரேசில் அரசு அதைத் தன் நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று பதிவுசெய்தது. கவனியுங்கள், பிரேசிலின் சொத்து. வெனிஸில் போய்த் தாலியான் பேசினால் அங்குள்ளவர்கள் புருவம் உயர்த்துவார்கள். அதனால் அதன் மதிப்பு குறையுமா என்ன?

இப்போது என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பூர்வீகத்தை இவர்கள் எப்படி வெளிப்படுத்துகிறார்கள்? புரூக்லினில் வில்லியம்ஸ்பர்க் பகுதிக்கு ஜூலை மாதம் போய்ப் பாருங்கள். கார்மேல் மாதா கோயிலுக்கு முன்னால், ஹேவ்மேயர் தெருவில், சுமார் 80 அடி உயரத்தில் ஒரு கோபுரம் நிற்கும். காகிதக்கூழில் செய்த தேவதைகளும் பூக்களும் புனிதர்களும் அடுக்கடுக்காக மேலேறும், உச்சியில் புனித பவுலினுஸ். எடை சுமார் 4 டன். அடித்தளத்தில் ஒரு பேண்டு வாத்தியக் குழு முழுசாக உட்கார்ந்திருக்கும், பாடகரும் உண்டு. இவ்வளவையும் நூறு பேருக்கு மேற்பட்ட ஆண்கள் குறுக்குக் கட்டைகளுக்கு அடியில் தோள் கொடுத்துத் தூக்குகிறார்கள். எதிரே கையில் கோலோடு ஒருவர் நின்று கட்டளை கொடுக்கிறார். அவர் குரலுக்கு எல்லா முழங்கால்களும் ஒன்றாக மடங்கி ஒன்றாக நிமிர்கின்றன. நம்மூர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுபவரின் கைக்குத் தேர் கட்டுப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நொடி பிடிபடும். வாத்தியம் முழங்க, கோபுரம் ஆடுகிறது, திரும்புகிறது, இறங்குகிறது. இறக்கியதும் தோள் சிவந்திருக்கும். சிலருக்கு வருடக்கணக்கில் தூக்கிய இடத்தில் தழும்பே உண்டு.

இது நாப்பொலிக்கு அருகில் உள்ள நோலா என்ற ஊரின் விழா. ஒரு விதவையின் மகனை மீட்கத் தன்னையே அடிமையாகக் கொடுத்துப் போன ஆயர் பவுலினுஸ் ஊர் திரும்பியபோது மக்கள் லில்லி மலர்களோடு எதிர்கொண்டார்களாம். அதன் நினைவு இந்தக் கோபுரம். நோலாவில் ஜூன் மாதம், எட்டுக் கோபுரங்கள், மரத்தால் ஆனவை. புரூக்லினில் 1903 முதல் ஒரே கோபுரம், உலோகச் சட்டம், கார்மேல் மாதா திருநாளோடு சேர்த்து ஜூலையில். மாறியிருக்கிறது, உண்மைதான். வில்லியம்ஸ்பர்க்கில் வாடகை ஏறி, அந்தக் குடும்பங்களில் பல லாங் ஐலண்டுக்கும் நியூ ஜெர்சிக்கும் போய்விட்டன. ஆனாலும் அந்த ஒரு நாளுக்கு மகனையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள், அப்பா நின்ற அதே கட்டையில் தோள் கொடுக்க. இத்தாலிய மொழி போயிருக்கலாம். எந்தக் கட்டளைக்கு எப்படி மூச்சைப் பிடிக்க வேண்டும் என்பது போகவில்லை.

சமையலிலும் இதே கதைதான். ஸ்பகெட்டிமேல் பெரிய பெரிய இறைச்சி உருண்டைகள் வைப்பது அமெரிக்கப் பழக்கம். ஊரில் வருடத்தில் சில நாள் மட்டுமே இறைச்சியைப் பார்த்தவர்கள், அமெரிக்காவில் கூலிப் பணத்துக்கு அது கிடைத்ததும் தட்டை நிறைத்தார்கள். அந்தத் தட்டில் இருப்பது பழைய பசியின் நினைவு. அர்ஜென்டினாவில் ஒவ்வொரு மாதமும் 29ஆம் தேதி ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டைகள் சமைத்து, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துச் சாப்பிடுவார்கள், வரும் மாதம் காசு தங்கட்டும் என்று. மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது கிழங்கும் மாவும்தானே. ஆஸ்திரேலியாவில் கோடையில் ஒருநாள் பாட்டி முதல் பேத்தி வரை கொட்டகையில் கூடி, கூடை கூடையாகத் தக்காளி அரைத்து, பேஸில் இலை போட்டுப் புட்டிகளில் அடைத்து, பெரிய பீப்பாயில் வேகவைத்து, வருஷத்துக்குச் சேமிக்கிறார்கள். மெலினா மார்கெட்டாவின் 'லுக்கிங் ஃபார் அலிபிராண்டி' நாவலில் அந்தத் தக்காளி நாளை வெறுக்கும் ஒரு பேத்தி வருகிறாள். அவளைப் போன்றவர்கள் பலர் பின்னால் தாமே அந்தப் பீப்பாயைத் தேடுகிறார்கள். மார்ட்டின் ஸ்கார்செஸி 1974இல் தன் பெற்றோரைப் பேசவைத்து 'இட்டாலியன்அமெரிக்கன்' என்று ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்தார். எலிசபெத் தெரு வீட்டில் சோபாவில் அவர்கள் உட்கார்ந்து வறுமையைப் பேசுகிறார்கள், அம்மா நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார். படத்தின் முடிவில் பெயர்ப் பட்டியலோடு அம்மாவின் சமையல் குறிப்பும் ஓடும்.

இதையெல்லாம் சமூகவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் கான்ஸ் 1979இல் எழுதிய கட்டுரையில், இந்தப் பேரப்பிள்ளைகளின் இத்தாலியத்தனம் அடையாள அளவிலானது, வாழ்க்கையில் எதையும் விலையாகக் கேட்காதது என்றார். மேரி வாட்டர்ஸ் 1990இல் இன்னும் ஒரு படி போனார். இவர்களால் வேண்டும்போது இத்தாலியராக இருக்க முடிகிறது, வேண்டாதபோது விட்டுவிட முடிகிறது, கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் அந்த வசதி இல்லை, இந்த வேறுபாடு தெரியாததால்தான் "எங்கள் தாத்தா முன்னேறவில்லையா, உங்களுக்கு என்ன?" என்று இவர்கள் மற்றவர்களைக் கேட்கிறார்கள் என்று காட்டினார். இது கூர்மையான பார்வை, நான் ஏற்கிறேன். ஆனால் விலை கேட்காதது என்பதை முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோள் சிவக்கத் தூக்குபவரிடமும், ஒடுக்கப்பட்ட மொழியில் வானொலி நிகழ்ச்சி நடத்துபவரிடமும் அந்தப் பூர்வீகம் உழைப்பைக் கேட்கிறது, அவர்கள் கொடுக்கிறார்கள். உழைப்பு சேர்ந்த இடத்தில் அடையாளம் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது.

கடைசியாக, காகிதம். வம்சாவளியினர் பலருக்கு இன்று பூர்வீகம் என்றால் குடியுரிமை ஆவணம். இத்தாலியச் சட்டப்படி, குடியுரிமை ரத்த உறவால் வருவது, அதற்குத் தலைமுறை வரம்பே நீண்டகாலம் இருக்கவில்லை. கொள்ளுத் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்து, சங்கிலி அறுபடவில்லை என்று காட்டினால் போதும். அதற்காக லட்சக்கணக்கானோர் உள்ளாட்சி அலுவலகங்களுக்கும் தூதரகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் நடந்தார்கள். 2025 மார்ச் 28ஆம் தேதி அவசரச் சட்டம் ஒன்றால் அரசு இதைச் சுருக்கியது. மே மாதம் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கியது. இனி பெரும்பாலும் பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான். தென் அமெரிக்காவில் பலர் மனமுடைந்தார்கள். கடவுச்சீட்டுக்காக மட்டும் தேடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் தேடும்போதுதான் தன் குலத்தில் முதலில் கப்பலேறிய பெண்ணின் பெயரை வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்தவர்களும் இருந்தார்கள்.

இதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தை நாம் அறிய வேண்டும், ஏனென்றால் அங்கே நம்மவர்கள் இருக்கிறார்கள். சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். அந்த நகரத்தின் காவல் புனிதை ரொசாலியா. மோன்தே பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அவளுடைய சன்னிதி. இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலையேறி, நேர்த்தி வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே பிறந்து, பலெர்மோ பள்ளியில் படித்து, சிசிலியத் தெருப்பேச்சு பேசும் தமிழ்ப் பிள்ளை, பெற்றோர் குடியுரிமை பெறாதவர்கள் என்றால், தானும் குடியுரிமை கேட்கப் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் குடியுரிமைக்கு 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்பதை 5 ஆக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய பேர் ஓட்டுப்போடாததால் செல்லாமல் போனது. அதே ரொசாலியாவுக்குப் புரூக்லினின் பென்சன்ஹர்ஸ்ட் பகுதியில் சிசிலிய வம்சாவளியினர் கோடைதோறும் தெருத் திருவிழா எடுக்கிறார்கள். இருவரில் யாருடைய ரொசாலியா உண்மை? இருவருடையதும்தான். ஒருவர் அவளைக் கடல் கடந்து எடுத்துப் போனார், மற்றவர் கடல் கடந்து வந்து அவளைக் கண்டுகொண்டார்.

ஆகவே இத்தாலிய வம்சாவளியினரிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். விழா எடுங்கள், சமையுங்கள், பாட்டியின் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். கூடவே 1891ஐயும் சொல்லுங்கள், சுவரொட்டியையும் சொல்லுங்கள், பெயரிலிருந்து உருவிய எழுத்தையும் சொல்லுங்கள். அதைச் சொல்லிப் பழகிய வீட்டில், இன்று படகில் வந்து இறங்குகிறவரைப் பார்த்து "இவர்களெல்லாம் நம்மைப் போலவா?" என்று கேட்க ஒரு பிள்ளைக்கும் வாய் வராது. வெளியேறிப் போனவர்களின் வம்சம் என்ற பெருமை, புதிதாக வருகிறவருக்கு இடம்விடுவதில்தான் நிறைவடையும். உலகெங்கும் பரவிக் கிடக்கும் நமக்கும் அது பொருந்தும்.